ராஃபேலின் 'நல்லடக்கம்': முன்வரைவுகள்

இத்தாலிய ஓவியர் ராஃபேல் 1507இல் முடித்த 'நல்லடக்கம்' என்னும் பலிபீட ஓவியத்துக்காக வரைந்த முன்வரைவுகளில் சுமார் 16 கிடைத்துள்ளன. மறுமலர்ச்சிக் காலத்தில் ஓர் ஓவியர் மரணத்தை எண்ணிப் பார்த்த விதத்தைத் தாள் தாளாகப் பின்தொடர இதற்கு நிகரான தொகுதி மிக அரிது.

பெருஜியா நகரத்துப் பாலியோனி குடும்பத்தின் அதலாந்தா என்னும் பெண்மணி, 1500இல் குடும்பப் பகையில் வெட்டுண்டு இறந்த தம் மகன் கிரிஃபோனெத்தோவின் நினைவாக இந்த ஓவியத்தைக் கேட்டார். ராஃபேல் முதலில் தம் மூத்தவரான பெருஜீனோவின் 1495ஆம் ஆண்டு ஓவியத்தை ஒட்டியே தொடங்கினார். அத்தாள்களில் கிறிஸ்துவின் உடல் கிடத்தப்பட்டிருக்கிறது, சூழ்ந்திருப்போர் புலம்புகிறார்கள். பிந்திய தாள்களிலோ ஆட்கள் உடலைத் தூக்கி நடக்கிறார்கள். அழுவதற்குரிய உடல் சுமப்பதற்குரிய பாரமாகிவிடுகிறது. இம்மாற்றத்துக்கு மூலம், கிரேக்கப் புராண வீரன் மெலியேகரின் சடலத்தைச் சுமந்து செல்வதைக் காட்டும் பண்டைய ரோமானியக் கல்லறைப் பேழைச் சிற்பம். இத்தாலியக் கலை அறிஞர் ஆல்பர்ட்டி 1435இல் எழுதிய ஓவிய நூலில் இத்தகைய சிற்பம் ஒன்றை வியந்திருந்தார்: இறந்தவனின் உறுப்பு ஒவ்வொன்றும் விரல்நுனிவரை இறந்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. கிறிஸ்துவின் தொங்கும் கையில் அது அப்படியே நிறைவேறுகிறது.

எலும்பை முதலில் வரைந்து, தசையைச் சேர்த்து, பின்னரே தோலைப் போர்த்த வேண்டும் என்பதும் ஆல்பர்ட்டியின் பாடமே. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள தாளில், மயங்கிச் சாயும் மரியாளை ராஃபேல் எலும்புக்கூடாக வரைந்திருக்கிறார். இறந்த மகனுக்கன்றி உயிருள்ள தாய்க்கு எலும்புக்கூடு வரையப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. இது நிலையாமையை உணர்த்தும் சின்னமன்று. நினைவிழந்த உடலின் எடை எங்கே விழுகிறது என்று காண முயன்ற தேடல். ஆயினும் வாழ்பவருக்குள் இருக்கும் எலும்பு அத்தாளில் மறைவின்றித் தெரிகிறது.

அக்காலத் தத்துவம் உடலுக்கு இவ்வளவு இடம் தரவில்லை. 1482இல் அச்சான, தத்துவ அறிஞர் ஃபிசீனோவின் 'பிளேட்டோனிய இறையியல்' ஆன்மாவின் அழியாமையை நிறுவவே முனைந்தது. 1513இல் கத்தோலிக்கத் திருச்சபையின் லாத்தரன் பொதுச்சங்கம் அந்த அழியாமையையே அதன் போதனையாக அறிவித்தது. 1516இல் தத்துவ அறிஞர் பொம்பொனாத்ஸி, பகுத்தறிவால் மட்டும் அதை மெய்ப்பிக்க முடியாது என்று எழுதினார். உடல் என்னும் கேள்வியை நேராக எதிர்கொண்டவர்கள் ஓவியர்களே. ராஃபேல் இவ்வோவியத்தை முடித்த அதே ஆண்டுகளில், ஃப்ளாரன்ஸ் மருத்துவமனையில் இறந்த முதியவர் ஒருவரின் உடலை லியொனார்டோ அறுத்து ஆராய்ந்தார்.

சுமப்போர் குழுவைக் கட்டமிட்டுக் காட்டும் இறுதி நிலைத் தாள் ஃப்ளாரன்ஸின் உஃபிட்சியில் உள்ளது. மற்றவை ஆக்ஸ்ஃபோர்டு, பாரிஸ் முதலிய இடங்களில் சிதறியுள்ளன. ஓவியம் 1608இல் பெருஜியாவிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டு, இன்று ரோமின் போர்கேசே காட்சியகத்தில் உள்ளது.