சேர்க்கும் வெயிலும் சேரவிடாத மின்சாரமும்

காரைக்கால்மேட்டில் கருவாட்டுக்காக மீனைக் கீறி உள்ளே உப்பை அப்புகிறார்கள். சற்று நேரத்தில் கல்லுப்பு மீனின் ஈரத்தில் கரைந்து காணாமல் போகிறது. சோடியமும் குளோரைடும் அப்போதே பிரிந்துவிடுகின்றன. உப்பை இரண்டாகப் பிளப்பது மின்சாரம் என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். பிளப்பது தண்ணீர். மின்சாரம் பாய்வதற்கு முன்பே கரைசலில் அயனிகள் தனித்தனியாகத் திரிகின்றன என்று 1887இல் அறிவியலாளர் சுவாந்தே அரேனியஸ் சொன்னார். அன்று வேதியியலாளர்கள் பலர் அதை நம்பவில்லை.

இந்தக் கரையில் உப்புநீருக்கு இரண்டு வழிகள் உண்டு. வேதாரண்யத்து உப்பளங்களில் அது வெயிலில் காய்கிறது. காரைக்கால் மேலவாஞ்சூரில் கெம்பிளாஸ்ட் சன்மாரின் காஸ்டிக் சோடா ஆலையில் அதற்குள் மின்சாரம் பாய்கிறது. இரண்டையும் பிரித்தல் என்றே சொல்கிறோம். ஆனால் இரண்டும் நேர்மாறான வேலைகள்.

பாத்தியில் வெயில் தண்ணீரை விரட்டுகிறது. தண்ணீர் குறையக் குறைய, பிரிந்து திரிந்த அயனிகள் மறுபடி கைகோத்துப் படிகமாகின்றன. அதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. உப்புக்கு முன்பே ஜிப்சம் படியும். உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவு 25 பாகையை எட்டும்போது உப்பு விளையத் தொடங்கும். மெக்னீசியம் கடைசிவரை தண்ணீரிலேயே நிற்கும். அந்தக் கசப்புத் தண்ணீரை நேரத்தில் வடிக்காவிட்டால் உப்பு கசந்துபோகும்.

ஆலையில் நடப்பதை வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் உப்புத் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், இரு முனையும் சீவிய இரண்டு பென்சில்கள், 9 வோல்ட் பேட்டரி போதும். எதிர்முனையைச் சுற்றி மஞ்சள் நீர் ஆரத்தித் தண்ணீராகச் சிவக்கும். நேர்முனையில் பிளீச்சிங் பவுடர் வாடை வரும். அது குளோரின், மூச்சை அடைக்கும். திறந்த வெளியில் ஓரிரு நிமிடத்தோடு நிறுத்துங்கள்.

குளோரைடு நேர்முனையில் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு வாயுவாகிறது. சோடியமோ எதிர்முனைக்குப் போயும் உலோகமாவதில்லை. தண்ணீர் முந்திக்கொண்டு எலக்ட்ரானை வாங்கி ஹைட்ரஜனை விடுகிறது. மிஞ்சும் ஹைட்ராக்சைடுக்குச் சோடியம் துணையாக நிற்கிறது. அந்தச் சோடிதான் காஸ்டிக் சோடா, ஆரத்தி நிறத்துக்கும் அதுவே காரணம்.

குளோரினையும் காஸ்டிக் சோடாவையும் மறுபடி கலக்கவிடாமல் காப்பதுதான் பெரும்பாடு. பழைய முறையில் சோடியத்தைப் பாதரசத்தில் கரைத்து எடுத்தார்கள். கசியும் பாதரசம் கடைசியில் மீனின் உடலில் சேரும். இப்போது நடுவே ஒரு சவ்வு நிற்கிறது. சோடியத்தை விடும், குளோரைடை மறிக்கும். மீனை நம்பி வாழும் கரைக்குச் சவ்வு முறைதான் சரி. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

அந்தச் சவ்வுக்கு எமன் கால்சியமும் மெக்னீசியமும். பாத்தியில் வடிக்கத் தவறியதை ஆலை செலவு செய்து நீக்கியாக வேண்டும். வெயிலுக்குக் கட்டணம் இல்லை. ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் உப்பும் 2,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரமும் செலவாகின்றன.