அரபு வரலாற்றெழுத்து

அரபு மொழியில் 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி எழுதப்பட்டுவந்த வரலாற்று நூல்களின் மரபு. இஸ்லாத்தின் தோற்றம், கலீஃபாக்களின் ஆட்சி, ஈரான் முதல் ஸ்பெயின் வரை பரவிய அரசுகள் ஆகியவை பற்றி இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி இம்மரபின் வழியாக வந்ததே. இந்த வரலாற்றைப் புதிதாகப் படிக்க வருகிறவர் போர்களையும் வம்சங்களையும் மனப்பாடம் செய்வதற்கு முன், ஒரு செய்தியை யார் யாருக்குச் சொன்னார், அது எப்போது ஏட்டில் ஏறியது என்று கேட்கப் பழகிக்கொள்வது நல்லது. முஹம்மது நபி மறைந்தது 632இல். அவர் வாழ்க்கையை முழுமையாகச் சொல்லும் நூல்களில் இன்று கிடைக்கும் மிகப் பழையது, அதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழித்துத் தன் இப்போதைய வடிவத்தைப் பெற்றது.

வாய்மொழியிலிருந்து ஏட்டுக்கு

தொடக்கத்தில் வரலாறு தனித்தனிச் செய்திகளாகவே உலவியது. ஒரு போர், ஒரு உடன்படிக்கை, ஒருவர் சொன்ன சொல் என ஒவ்வொன்றும் ஒரு சிறு கதை. ஒவ்வொன்றின் தலையிலும் அதைச் சொன்னவர்களின் பெயர்த் தொடர் இருக்கும். இத்தொடருக்கு இஸ்னாத் என்று பெயர். மதீனாவில் உர்வா இப்னு அஸ்-ஸுபைரும் அவரிடம் கேட்டறிந்த அஸ்-ஸுஹ்ரியும் (இறப்பு 742) இச்செய்திகளைத் திரட்டியவர்களில் முன்னோடிகள். நபியின் மனைவி ஆயிஷா உர்வாவுக்குச் சிற்றன்னை என்பதால் உர்வா சொன்னவற்றுக்குத் தனி மதிப்பு இருந்தது.

இந்தத் துண்டுகளைக் கோத்துத் தொடர்ச்சியான வாழ்க்கை வரலாறாக ஆக்கியவர் இப்னு இஸ்ஹாக் (இறப்பு 767). மதீனாவில் வளர்ந்த அவரை, அவ்வூர்ச் சட்ட அறிஞர் மாலிக் இப்னு அனஸ் கடுமையாகச் சாடினார். பிறகு அவர் ஈராக்குக்குப் போய் அப்பாசிய கலீஃபா அல்-மன்சூரின் ஆதரவைப் பெற்றார். அவர் எழுதிய மூலம் முழுதாகக் கிடைக்கவில்லை. அவருடைய மாணவர் அல்-பக்காயியிடமிருந்து அதைப் பெற்ற எகிப்தின் இப்னு ஹிஷாம் (இறப்பு 833) செப்பனிட்ட வடிவமே நம் கையில் உள்ளது. தான் எதையெல்லாம் வெட்டினேன் என்று இப்னு ஹிஷாம் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்: நம்பத் தகாத கவிதைகள், சிலர் மனத்தைப் புண்படுத்தக்கூடியவை, அல்-பக்காயி உறுதிப்படுத்தாதவை. பதிப்பாசிரியர் ஒருவர் தன் கத்தரிக்கோலை இவ்வளவு வெளிப்படையாக மேசைமேல் வைப்பது அபூர்வம். வெட்டப்பட்டவற்றில் சில அத்-தபரியின் நூலில் தப்பிப் பிழைத்திருக்கின்றன.

அத்-தபரி

காஸ்பியன் கடலோரத்துத் தபரிஸ்தானில் ஆமுல் என்ற ஊரில் 839இல் பிறந்து, கல்விக்காக ஊர் ஊராக அலைந்து, பக்தாதில் நிலைகொண்டு 923இல் இறந்தவர் முஹம்மது இப்னு ஜரீர் அத்-தபரி. படைப்பு முதல் 915 வரையிலான நிகழ்ச்சிகளைச் சொல்லும் அவருடைய ‘இறைத்தூதர்கள், அரசர்களின் வரலாறு’ இம்மரபின் நடுத்தூண். இஸ்லாமிய ஆண்டுக் கணக்கான ஹிஜ்ரி தொடங்கிய பிறகு நூல் ஆண்டுவாரியாக நகர்கிறது.

அதை முதன்முறை திறப்பவருக்குக் குழப்பம் நிச்சயம். ஒரே நிகழ்ச்சி இரண்டு முறை, மூன்று முறை வரும், ஒன்றுக்கொன்று முரணாகவும் வரும். சாசானிய ஈரானின் படையை அரபுகள் முறியடித்த காதிஸிய்யா போர் ஹிஜ்ரி 14இல் நடந்ததா, 15இலா, 16இலா என்பதில்கூட மூலங்கள் ஒன்றுபடவில்லை. அத்-தபரி பெரும்பாலும் தீர்ப்புச் சொல்வதில்லை. செய்திகளை அவற்றின் தொடர்களோடு அடுக்கிவைத்து ஒதுங்கிக்கொள்கிறார். படிப்பவருக்கு ஏதேனும் ஒப்பவில்லையென்றால் அதற்குச் சொன்னவர்களே பொறுப்பு, தான் கேட்டதைக் கேட்டபடி தந்ததாக முன்னுரையிலேயே கூறிவிடுகிறார்.

ஆகவே அவரைப் படிக்கையில் பெயர்த் தொடரைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது. ஈராக் வெற்றிகளையும் 656இல் கலீஃபா உஸ்மான் கொல்லப்பட்டதையும் சொல்லும் பகுதிகளில் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வரும்: அஸ்-ஸரீ எழுதி அனுப்பியது, அவருக்கு ஷுஐப் சொன்னது, ஷுஐபுக்கு ஸைஃப் இப்னு உமர் சொன்னது. இந்த ஸைஃபை, நபியின் சொல், செயல் பற்றிய செய்திகளான ஹதீஸ்களை ஆராய்ந்தவர்கள் நம்பத் தகாதவர் என்று ஒதுக்கியிருந்தார்கள். நபியின் பேரர் கொல்லப்பட்ட 680இன் கர்பலா நிகழ்ச்சிக்கோ முக்கிய ஆதாரம் கூஃபாவைச் சேர்ந்த அபூ மிக்னஃப் (இறப்பு 774). இவருடைய சாய்வு நபியின் மருமகன் அலீயின் குடும்பத்தின் பக்கம். ஆக, ‘தபரி சொல்கிறார்’ என்று எழுதும் புத்தகம் பாதிச் செய்தியைத்தான் தருகிறது. தபரியிடம் யார் சொல்கிறார் என்பது மீதிப் பாதி.

அவருக்கு முன்பும் அதே காலத்திலும் வேறு வகை நூல்களும் எழுந்தன. அல்-வாகிதியின் போர் வரலாறு, அவருடைய எழுத்தர் இப்னு ஸஅதின் தலைமுறைவாரி வாழ்க்கைக் குறிப்புகள், எந்த ஊர் எந்த நிபந்தனையில் அடிபணிந்தது என்று தேடித் தொகுத்த அல்-பலாதுரியின் (இறப்பு 892) நூல் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. வரி விதிப்புக்கு அந்த நிபந்தனைகள் தேவைப்பட்டதால் அல்-பலாதுரியின் பக்கங்களில் வரலாறும் வருவாய்த் துறையும் கலந்தே இருக்கும்.

நூல்களுக்கு வெளியே

காலத்தால் முந்திய சான்றுகள் நூல்களில் இல்லை. வியன்னாவிலுள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் எகிப்திலிருந்து வந்த ஒரு பாப்பிரஸ் ரசீது இருக்கிறது. ஹிஜ்ரி 22, அதாவது 643இல் எழுதப்பட்டது. அப்துல்லாஹ் இப்னு ஜாபிர் என்ற படைத்தலைவர் தன் வீரர்களின் உணவுக்காக உள்ளூர் நிர்வாகிகளிடமிருந்து 65 ஆடுகளைப் பெற்றுக்கொண்டதாகக் கிரேக்கத்திலும் அரபியிலும் அதில் எழுதியிருக்கிறது. சில அரபு எழுத்துகளுக்குப் புள்ளியும் இடப்பட்டிருக்கிறது. புள்ளியிடும் வழக்கம் பிற்காலத்தது என்ற பழைய எண்ணத்தை இந்த ஆட்டு ரசீது கலைத்துவிட்டது. நபி மறைந்து 11 ஆண்டுகளில் புதிய அரசு தேதியிட்ட ரசீது கொடுத்துக்கொண்டிருந்தது என்பதும் இதனால் தெரிகிறது. சவுதி அரேபியாவில் பாறையொன்றில் ஸுஹைர் என்பவர் ஹிஜ்ரி 24இல் கலீஃபா உமரின் மரணத்தைக் குறித்து வைத்திருக்கிறார். ஜெருசலேமின் குப்பத்துஸ் ஸக்ரா (பாறைக் குவிமாடம்) கல்வெட்டு ஹிஜ்ரி 72ஐச் சேர்ந்தது. அதையடுத்து கலீஃபா அப்துல் மலிக்கின் நாணயச் சீர்திருத்தம் வந்தது. ஆர்மீனிய, சிரியாக் கிறித்தவர்கள் எழுதியவையும் உண்டு. அவை சமகாலத்தவை, ஆனால் தோற்றவர் பார்வையில் எழுதப்பட்டவை.

ஆண்டுக் கணக்கில் ஓர் எச்சரிக்கை. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்கள்தான். அதனால் ஒரு ஹிஜ்ரி ஆண்டு பெரும்பாலும் இரண்டு பொது ஆண்டுகளில் கால் வைக்கும். ஹிஜ்ரி 72ஐ 691–692 என்று எழுதுவதற்குக் காரணம் இதுவே. மாதம் தெரியாதபோது ஒற்றை ஆண்டை அடித்துச் சொல்லும் நூலைச் சற்றுத் தள்ளிவைத்தே படிக்கலாம்.

அகராதிகளும் இப்னு கல்தூனும்

10ஆம் நூற்றாண்டிலிருந்து பெயர்த் தொடர்கள் மெல்ல உதிர்ந்தன. இந்தியாவரை பயணம் செய்த அல்-மஸ்ஊதி (இறப்பு 956) அவற்றை விட்டுவிட்டுச் சரளமான கதையாக எழுதினார். மோசூலில் வாழ்ந்த இப்னுல் அதீர் (1160–1233) அத்-தபரியின் முரண்பட்ட செய்திகளை ஒரே ஓட்டமாக இணைத்தார். படிக்க எளிது, எந்த இழை எங்கிருந்து வந்தது என்பது மறைந்துபோயிற்று. வாழ்க்கைக் குறிப்பு அகராதிகள் இன்னொரு பெருங்கிளை. அல்-கத்தீப் அல்-பக்தாதி ஏறத்தாழ 7,800 பேரைப் பற்றி எழுதினார். இப்னு அஸாகிரின் டமாஸ்கஸ் வரலாறு அச்சில் 80 தொகுதிகள். அஸ்-ஸகாவியின் (1427–1497) அகராதியில் கடைசித் தொகுதி முழுக்க 1,000க்கு மேற்பட்ட பெண்களைப் பற்றியது.

துனிஸில் 1332இல் பிறந்த இப்னு கல்தூன், இன்றைய அல்ஜீரியாவில் ஒரு கோட்டையில் ஒதுங்கியிருந்தபோது 1377இல் தன் வரலாற்று நூலின் முன்னுரையான ‘முகத்திமா’வை எழுதி முடித்தார். சொன்னவர் நேர்மையானவரா என்று பார்த்தால் மட்டும் போதாது, சொன்னது நடக்கக்கூடியதா என்றும் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். மூஸா நபியின் படையில் 6,00,000 பேர் இருந்ததாக வரும் செய்தியை எடுத்துக்கொண்டு அவர் கணக்குப் போடுகிறார். அத்தனை பேரைப் போர்க்களத்தில் நிறுத்த இடம் ஏது? ஓரத்தில் நிற்பவனுக்கு மறு ஓரத்தில் நடப்பது எப்படித் தெரியும்? ஒரு குடும்பம் சில தலைமுறைகளில் அவ்வளவு பெருகுமா? குழுப்பற்று ஓர் அரசை உருவாக்குவதையும், நகர வாழ்வின் சுகம் அப்பற்றைத் தின்பதையும் அவர் விளக்கிய விதம் உலகப் புகழ் பெற்றது. தன் பெரிய வரலாற்று நூலில் இந்த அளவுகோலை அவரே எல்லா இடத்திலும் கையாளவில்லை. 1401இல் தைமூர் டமாஸ்கஸை முற்றுகையிட்டபோது மதில்மேலிருந்து கயிற்றில் இறங்கிப்போய் அவரைச் சந்தித்ததையும் எழுதிவைத்திருக்கிறார்.

தமிழ்நாட்டுக்கு நேர்த்தொடர்புள்ள சான்று ஒன்று இம்மரபில் உண்டு. இப்னு பதூதா 1340களில் மஅபர் எனப்பட்ட மதுரை சுல்தானகத்தில் தங்கினார். அங்கிருந்த சுல்தான் ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளரைக் கொன்று, அவர் தோலில் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டதாகவும், அது தொங்குவதைத் தானே பார்த்ததாகவும் சொல்கிறார். அவர் சொல்லச் சொல்ல 1355இல் எழுதி முடித்த இப்னு ஜுஸய், டமாஸ்கஸ் போன்ற ஊர்களின் வருணனைக்கு இப்னு ஜுபைரின் பழைய பயண நூலிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார். மதுரைப் பகுதிக்கு அப்படி எடுக்க முன்னூல் இல்லை. நாணயங்களோடும் கங்காதேவியின் ‘மதுரா விஜய’த்தோடும் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் எடை தெரியும். நபியின் வாழ்க்கையைத் தமிழில் பாடும் உமறுப்புலவரின் சீறாப்புராணமோ காப்பியம். அதன் அழகுக்காகப் படிக்க வேண்டியது, ஆண்டுக்கும் இடத்துக்கும் சான்றாக அல்ல.

பதிப்பும் ஐயமும்

சிதறிக்கிடந்த அத்-தபரி கையெழுத்துப் படிகளைத் திரட்டி, டச்சு அறிஞர் தே கூயெ தலைமையிலான குழு 1879 முதல் 1901 வரை லைடனில் பதிப்பித்தது. அமெரிக்காவில் 1985 முதல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, அட்டவணையோடு சேர்த்து 40 தொகுதிகள். அதன் ஓரத்தில் லைடன் பக்க எண்கள் தரப்பட்டிருப்பதால் மூலத்தோடு ஒப்பிடுவது எளிது. இப்னு இஸ்ஹாக்கை கியோம் 1955இலும், முகத்திமாவை ரோசென்தால் 1958இலும் ஆங்கிலத்தில் தந்தனர்.

1890இல் கோல்ட்சீகர், ஹதீஸ்களில் பல பிற்காலச் சச்சரவுகளைப் பிரதிபலிக்கின்றன என்று வாதிட்டார். 1977இல் குரோனும் குக்கும் அரபு மூலங்களையே ஓரங்கட்டி, பிறமொழிச் சான்றுகளை மட்டும் கொண்டு இஸ்லாத்தின் தோற்றத்தைத் திருப்பி எழுதிப் பார்த்தனர். அந்த முடிவை இன்று ஏற்பவர் அரிது. கேள்வி மட்டும் நிலைத்தது. ஹரால்ட் மோட்ஸ்கி ஒரே செய்தியின் பல வடிவங்களையும் அவற்றின் தொடர்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு, சில செய்திகள் ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே புழங்கியவை என்று காட்டினார். மூலங்களை மொத்தமாக நம்புகிறவரும் மொத்தமாகத் தள்ளுகிறவரும் இந்த உழைப்பைத் தவிர்த்தவர்களே.

தொடங்குகிறவருக்கு ஹ்யூ கென்னடியின் கலீஃபாக்கள் கால வரலாறும், பிற்காலத்துக்கு ஆல்பர்ட் ஹூரானியின் அரபு மக்கள் வரலாறும் (1991) போதிய அடித்தளம். சர்ச்சைகளை அறிய ஃபிரெட் டோனரின் 1998ஆம் ஆண்டு நூலைச் சேர்த்துக்கொள்ளலாம். அதன்பின் கர்பலா போன்ற ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அத்-தபரியிலும் அல்-பலாதுரியிலும் இப்னுல் அதீரிலும் வரிசையாகப் படிப்பது பத்துப் பொது நூல்களைப் புரட்டுவதைவிடப் பயன் தரும்.