ஓடும் தாங்கியும் ஓடாத தாங்கியும்

யுத்த தாங்கி என்று நமது பத்திரிகைகள் பல்லாண்டுகளாக எழுதி வருகின்றன. நீரைத் தாங்குவதும் தாங்கி, பீரங்கியைத் தாங்குவதும் தாங்கி. ஆங்கிலத்திலும் கதை இதுவேதான். முதலாம் உலகப் போரின்போது, 1915இல், பிரித்தானியர் இந்த இரும்பு ஊர்தியை இரகசியமாகக் கட்டிய வேளையில், அதைப் பாலைநிலத்துக்கு நீர் கொண்டு செல்லும் கொள்கலம் என்று வெளியே சொல்லி வைத்தார்கள். மறைப்புக்காக இட்ட பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. வன்னியின் குளங்களையும் இலங்கை ஆங்கிலத்தில் அதே சொல்லால்தான் குறிப்பிடுகிறோம். அச்சொல் குஜராத்திப் பக்கமிருந்தும் போர்த்துக்கேயரிடமிருந்தும் ஆங்கிலத்துக்குப் போனது என்பர் சொல்லாராய்ச்சியாளர்.

போர் முடிந்த பின் இந்தத் தாங்கிகளை என்ன செய்வது என்பது சிக்கலான கேள்வி. பெரும்பாலானவை உருக்காலைக்குப் போயின. சில பீடங்களின் மேல் ஏறி வர்ணம் பூசிக்கொண்டு நிற்கின்றன. மிகச் சிலவே மீண்டும் ஓடுகின்றன. அவற்றுள் உலகறிந்தது இங்கிலாந்தின் டோர்செற் மாவட்டத்தில், பொவிங்டன் தாங்கி அருங்காட்சியகத்தில் உள்ள ஜேர்மனிய டைகர், இலக்கம் 131.

டைகர் வகையில் மொத்தம் 1,347 தாங்கிகளே கட்டப்பட்டன. நிறை ஏறத்தாழ 57 தொன். 88 மில்லிமீற்றர் பீரங்கி, ஐந்து பேர் கொண்ட குழு. 1943 ஏப்ரலில் வட ஆபிரிக்காவின் டியூனிசியாவில் நடந்த சமரில் பிரித்தானிய சேர்ச்சில் தாங்கி ஒன்றின் குண்டு 131இன் பீரங்கிக் குழலின் அடியிற் பட்டுத் தெறித்து, சுழல்மேடை திரும்பும் வளையத்தில் சிக்கிக்கொண்டது. மேடை அசையவில்லை. உள்ளிருந்தோர் அதைத் தகர்க்காமலே கைவிட்டு ஓடினர். பின்னர் பிரதமர் சேர்ச்சிலும் ஆறாம் ஜோர்ஜ் மன்னரும் டியூனிஸ் நகருக்குச் சென்று அதைப் பார்வையிட்டார்கள். சேர்ச்சிலின் பெயர் தாங்கிய வாகனம் பிடித்துக் கொடுத்ததைச் சேர்ச்சிலே வந்து பார்த்தார். எந்தச் செய்தி ஆசிரியனும் இப்படியொரு தலைப்பைத் தவறவிட மாட்டான்.

கைப்பற்றப்பட்ட இடமும் நாளும் நெடுங்காலம் பிழையாகவே பதிவாகி இருந்தன. ஏப்ரல் 21, ஜெபல் ஜாஃபா என்றே நூல்கள் எழுதின. ஏப்ரல் 24, குரியாத் எல் அட்டாக் என்ற குன்றுப் பகுதி என்பதே இப்போது அருங்காட்சியகம் ஏற்றுள்ள முடிபு. அச்சமரில் நின்ற காலாட்படை வீரர் ஒருவரின் மகன் தேடித் துருவியதால் கிடைத்த திருத்தம் இது. அரச ஆவணம் பிழைத்த இடத்தில் வீட்டு நினைவு நின்றிருக்கிறது. நம்மவருக்கு இது புதிய அனுபவமன்று.

1943இன் பிற்பகுதியில் இங்கிலாந்துக்கு வந்த டைகர் பரிசோதகர்களின் கையிற் சிக்கியது. அதன் மூல இயந்திரமான மைபாக் எச்.எல். 210 பாடத்துக்காக இரண்டாக அறுக்கப்பட்டது. 1951இல் அருங்காட்சியகத்துக்கு வந்து நாற்பது ஆண்டுகள் அசையாமல் நின்றது. 1990இல் அதனை முற்றாகப் பிரித்து மீட்கும் வேலை தொடங்கிற்று. அறுத்த இயந்திரத்தை ஒட்டவைக்க இயலாதல்லவா? அதே அருங்காட்சியகத்தில் நின்ற இன்னொரு ஜேர்மனியத் தாங்கியான இரண்டாவது வகை டைகரின் எச்.எல். 230 இயந்திரத்தைக் கழற்றி இதற்குள் வைத்தார்கள். 23 லீற்றர் கொள்ளளவு, 12 சிலிண்டர், 700 குதிரைவலு. 2003 டிசம்பரில் 131 தன் சொந்த வலுவில் நகர்ந்தது. வர்ணப்பூச்சு உட்பட்ட எஞ்சிய வேலைகள் 2012 வரை நீண்டன.

ஓட்டிக் காட்டுவது ஒரு நாள் வேலை. ஓடும் நிலையில் வைத்திருப்பதோ முடிவில்லாத வேலை. இந்த வாகனத்தின் அமைப்பே பராமரிப்பவனுக்கு எதிரானது. ஒவ்வொரு பக்கமும் எட்டு அச்சுகள், அச்சுக்கு மூன்றாக 24 சக்கரங்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பவை. பாரம் சீராகப் பரவவும் பயணம் மென்மையாக இருக்கவும் இப்படி அமைத்தார்கள். ஆனால் உட்புறச் சக்கரம் ஒன்றின் இறப்பர் தேய்ந்தால் அதனைத் தொடுவதற்கு வெளியிலுள்ள பலவற்றைக் கழற்றவேண்டும். ரஷ்யக் குளிரில் சக்கரங்களுக்கிடையே சேறு உறைந்து வாகனமே அசைய மறுத்த கதைகளும் உண்டு. கியர்ப் பெட்டி முன்னால், இயந்திரம் பின்னால். கியர்ப் பெட்டியை வெளியே எடுப்பதானால் சுமார் 11 தொன் நிறையுள்ள சுழல்மேடையைப் பாரந்தூக்கியால் முதலில் தூக்கவேண்டும். கியரோ முன்னோக்கி எட்டு, பின்னோக்கி நான்கு. சுக்கானைப் பிடித்தால் நமது பஸ் வண்டியை விட இலகுவாகத் திரும்புமாம். இந்த மென்மையின் விலையைச் செலுத்தியவர்கள் பட்டறைக்காரர்களே.

இயந்திரமும் அப்படியே. இவ்வகை எஞ்சின்கள் சூடேறிப் பழுதடைந்ததால் 1943இன் இறுதியில் ஜேர்மனியரே சுழற்சியின் உச்ச அளவை நிமிடத்துக்கு 3,000இலிருந்து 2,600ஆகக் குறைத்தனர். புதிதாக இருந்தபோதே அந்த நிலை எனில், இன்று எப்படி ஓட்டவேண்டும் என்பதை வாசகர் ஊகிக்கலாம். 540 லீற்றர் பெற்றோல் நிரப்பினாலும் நல்ல வீதியில் 200 கிலோமீற்றரைத் தொடாது. இன்றைய பெற்றோலில் கலக்கும் எதனோல் பழைய இறப்பர்க் குழாய்களை அரித்துவிடும். கசிந்த பெற்றோல் சூடான இயந்திரத்தில் விழுந்தால் என்னவாகும் என்பது பட்டறைச் சிறுவனுக்கும் தெரியும். ஆகவே நவீன தீயணைப்புக் கருவியொன்றை இயந்திர அறையில் பொருத்தினார்கள். உதிரிப்பாகம் விற்கும் கடை எதுவும் இல்லை. உடைந்தால் அளவெடுத்துச் செய்விக்க வேண்டும்.

இங்கேதான் மெய்யான வழக்கு எழுகிறது. ஓடும் ஒவ்வொரு நிமிடமும் 1940களின் உலோகம் தேய்கிறது. அந்த உலோகமே ஓர் ஆவணம். கலப்புலோகத் தட்டுப்பாட்டுக்குள் ஜேர்மனியர் எப்படி உருக்கு வார்த்தார்கள் என்பதை அறிய உலோகவியலாளர் இந்த எஞ்சினையே ஆராய்ந்தார்கள். ஏட்டுச்சுவடியை நாள்தோறும் புரட்டி வாசித்தால் சுவடி கிழியும். புரட்டாமலே வைத்தால் அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் கோவில்களில் இதற்கொரு நடைமுறை உண்டு. தேர் ஆண்டில் ஒரு நாள் வீதிக்கு வரும். மிச்ச நாள் கொட்டகைக்குள். சில்லு உளுத்தால் மாற்றுவோம். பொவிங்டன்காரரும் அறிந்தோ அறியாமலோ இதே முறைக்கு வந்திருக்கிறார்கள்: ஆண்டில் ஓரிரு நாட்களே ஓட்டம், மெதுவான சுற்று, பிறகு கொட்டகை. ஆனால் தேரில் மரத்தை மாற்றினால் அருள் குறைவதில்லை. வரலாற்றுப் பொருளில் மாற்றும் ஒவ்வோர் ஆணியும் சாட்சியத்திலிருந்து ஒரு சொல்லை அழிக்கிறது. என்னைக் கேட்டால், ஓட்டத்தை இன்னும் குறைப்பதே நியாயம். முற்றாக நிறுத்துவதை நான் ஆதரிக்கவில்லை. 57 தொன் இரும்பு நிலத்தை அதிரவைத்து வருவதைக் கேட்ட ஒருவனுக்கு, அதன் எதிரே துப்பாக்கியோடு படுத்திருந்தவனின் நிலையை எவரும் விளக்கத் தேவையில்லை.

அந்த ஓட்ட நாளுக்கு 'டைகர் டே' என்று பெயர். இதனைத் தமிழில் பெயர்க்க நான் முனையவில்லை. காரணத்தை எம்மவருக்குச் சொல்லத் தேவையுமில்லை. பெருங்கூட்டம் திரண்டு கைதட்டுகிறது. 2014இல் வெளியான 'பியூரி' திரைப்படத்தில் 131 நடித்த பின் கவர்ச்சி இன்னும் கூடிற்று. கொலைக் கருவிக்குக் கைதட்டலாமா என்று கேட்பவர்கள் அங்கும் உண்டு.

நம் நாட்டிலும் ஓர் இரும்பு ஊர்தி காட்சிக்கு நிற்கிறது. 1991 ஜூலையில் ஆனையிறவு முகாம் மீதான தாக்குதலில் விடுதலைப் புலிகள் கவசமிட்டுப் பயன்படுத்திய புல்டோசர் அது. அதனைத் தடுத்து மாண்ட படைவீரர் காமினி குலரத்னவின் நினைவிடத்தில், ஏ-9 வீதியோரம், எரிந்த கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள். 2009க்குப் பின் தெற்கிலிருந்து வந்தவர்கள் அதன் முன்னே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவ்வழியே பஸ்ஸில் போன வன்னிச் சனங்கள் யன்னலால் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். அதனை மீட்டு ஓட்டவேண்டும் என்று இதுவரை எவரும் கேட்டதாக நான் அறியேன்.