நெல் விளையற மண்ணுக்கு அடியில எண்ணெய் எப்படி வந்தது?

பள்ளிக்கரணை ஏரிக்கரைப் பக்கம் நடக்க வர்ற தம்பி ஒருத்தர் கேட்டார்: “அண்ணே, சதுப்புல குமிழ் குமிழா வருதே, அடியில பெட்ரோல் ஏதாவது இருக்குமா?” சிரிச்சிட்டுப் போற கேள்வி இல்லை இது. பதில் சொல்லணும்னா நாகப்பட்டினம் வரைக்கும் போகணும்.

அந்தக் குமிழ் மீத்தேன். கோரையும் சம்பும் செத்து சேத்துக்குள்ள போகும். அங்கே காத்து கிடையாது. காத்து இல்லாமலே வாழற நுண்ணுயிர்கள் அதை மக்க வைக்கும்போது வர்ற வாயு. 1776-ல் இத்தாலியில் வோல்டா மஜ்ஜோரே ஏரிச் சேத்தைக் கிளறி இதைப் பிடிச்சு எரிச்சுப் பார்த்தார். நடவுக்குச் சேத்துல கால் வைக்கும்போது புளுக் புளுக்னு வருதே, அதுவும் இதேதான். பெருங்குடி குப்பைமேடு 2022-ல் நாள்கணக்கா எரிஞ்சதே, குப்பை மக்கினாலும் இந்த வாயு வரும்.

ஆனா இது நேத்து மக்கின சரக்கு. பெட்ரோல் வேற கதை. கடல்ல வாழ்ந்த கண்ணுக்குத் தெரியாத பாசி, சின்ன உயிர்கள் எல்லாம் செத்து சேத்தோட படியணும். மேல மேல மண்ணு விழுந்து 2, 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு அமுங்கணும். 60-லிருந்து 120 டிகிரி சூட்டுல கோடிக்கணக்கான வருஷம் வேகணும். சூடு இன்னும் ஏறினா எண்ணெய் போய் வாயு ஆயிடும். வெந்தது மட்டும் போதாது. கசிஞ்சு வந்து தங்க மணற்பாறை வேணும், மேல மூடி போட்ட மாதிரி களிப்பாறை வேணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் கிடைக்காது. பூமிக்குள்ள எண்ணெய் ஏரி மாதிரி கிடக்குதுன்னு நினைக்காதீங்க. செங்கல் தண்ணி குடிச்ச மாதிரி பாறைக்குள்ள இருக்கும்.

நம்ம ஊருக்கு அடியில இருக்கிறது பல்லாவரம் பாறை. 250 கோடி வருஷத்துப் பழசு, பூமிக்குள்ள பெரும் சூட்டுல உருவானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறையில இதே வகைக் கல் இருக்குன்னு பார்த்து, ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-ல் இதுக்கு சார்னோகைட்னு பேர் வெச்சார். கல்லறைக்காரர் பேர்ல உலகம் பூரா நம்ம பல்லாவரத்துக் கல்லு! அதுக்கு மேல நம்ம சதுப்பு ஒரு தோல் மாதிரிதான். பெட்ரோலுக்கு இங்கே வழியே இல்லை.

டெல்டா அப்படி இல்லை. ஒரு காலத்துல இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்தது. சுமார் 15 கோடி வருஷம் முன்னே பிரிய ஆரம்பிச்சப்போ, கிழக்குக் கரையோரமா நிலம் கிழிஞ்சு நீள நீளப் பள்ளமா இறங்கிச்சு. அரியலூர், தரங்கம்பாடி, தஞ்சாவூர், நாகப்பட்டினம், ராமநாதபுரம் எல்லாம் அந்தப் பள்ளங்களோட பேர். கடல் உள்ளே வந்தது. சில இடத்துல 5 கிலோமீட்டருக்கு மேல வண்டல் சேர்ந்தது. காவிரி இன்னைக்கு அந்தப் பள்ளத்து மேலதான் ஓடுது.

தாழ்ந்த இடத்துலதான் மண்ணு சேரும். மேல புது வண்டல்ல நெல்லு, அடியில பழைய வண்டல்ல எண்ணெய். கோதாவரியும் அப்படித்தான். ஆப்பிரிக்காவில் நைஜர் டெல்டாவும் அப்படித்தான்; ஓலோய்பிரியில் 1956-ல் எண்ணெய் கண்டுபிடிச்சாங்க. “ஏன் எப்பவும் விளையற நிலத்துலயே வந்து தோண்டுறாங்க?”ன்னு டெல்டாக்காரங்க கேட்கிறாங்களே, பாறை சொல்ற பதில் இது. தோண்டலாமா கூடாதாங்கிறதுக்குப் பாறை பதில் சொல்லாது.

அந்தப் பழைய கடல் தரையைக் கண்ணால பார்க்கணும்னா அரியலூர் போங்க. சிமென்ட் சுண்ணாம்புக்கல் வெட்டுற பள்ளத்துல நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட் கிடைக்கும். ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளை ஆராய்ஞ்சு 1862-ல் அறிக்கை எழுதினார். பக்கத்துல சாத்தனூர்ல கல்லாப் போன மரத்தை 1940-ல் எம். எஸ். கிருஷ்ணன் கண்டுபிடிச்சார், 18 மீட்டர் நீளம். பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, ஒரு நாள் போதும்.

எண்ணெய்த் தேடல் இங்கே தாமதமாத்தான் வந்தது. அசாம் திக்பாயில் 1889-லேயே கிடைச்சாச்சு. ஓ.என்.ஜி.சி. 1956-ல் ஆரம்பிச்சு, காவிரிப் பகுதியில் முதல் ஆழ்கிணறு 1964-ல் காரைக்கால்ல போட்டாங்க. குழி போட்டு வெடி வெச்சு, அதிர்வு பாறையில பட்டுத் திரும்பற நேரத்தை வரப்பு நெடுக ஒயர் போட்டு அளப்பாங்க. அப்படித் தேடித் தேடி 20 வருஷத்துக்கு மேல ஆச்சு. 1985-ல் நரிமணத்துல கிடைச்சது. 1993-ல் பனங்குடியில் வருஷத்துக்கு 5 லட்சம் டன் சுத்திகரிக்கிற சின்ன ஆலை வந்தது. திருமக்கோட்டையிலும் குத்தாலத்திலும் வாயுவுல மின்சாரம் எடுக்கிறாங்க. சென்னையில இருக்கிற நமக்கும் அந்தக் கரண்ட்ல பங்கு உண்டு. ஆனா நாடு எரிக்கிற எண்ணெயில 85 சதவீதத்துக்கு மேல வெளிநாட்டுச் சரக்கு. டெல்டா தர்றது ரொம்பக் கொஞ்சம்.

டி.வி. விவாதத்துல எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புவாங்க. மன்னார்குடி மீத்தேன் திட்டம் பெட்ரோல் கிணறு இல்லை. பழுப்பு நிலக்கரியில ஒட்டியிருக்கிற வாயுவை எடுக்கிறது. நிலக்கரியில இருக்கிற தண்ணியை இறைச்சு வெளியேத்தினாத்தான் வாயு கிளம்பும். கடல் பக்கத்துல இருக்கிற ஊர்ல அடித்தண்ணியை இறைச்சா உப்பு உள்ளே வராதா? விவசாயி பயந்ததுல தப்பே இல்லை. நம்மாழ்வார் ஐயா அந்தப் பிரசாரத்துல இருக்கும்போதுதான் 2013 டிசம்பர் 30-ல் காலமானார். 2017 பிப்ரவரியில் நெடுவாசல் கிளம்பிச்சு. அதே வருஷம் ஜூன் 30-ல் கதிராமங்கலத்துல குழாய் கசிஞ்சு வயல்ல எண்ணெய் ஓடிச்சு.

2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதுக் கிணறு கூடாது. ஏற்கெனவே நடக்கிறதை அது தொடாது. முதல்ல அறிவிச்சப்போ இருந்த திருச்சி, கரூர், அரியலூர் மூணும் சட்டத்துல இல்லை. கடல் தரை வெளியே தெரியுதுன்னு சொன்னேனே, அதே அரியலூர். அடுத்த வருஷம் 2021 ஜூன்ல, அரியலூர்ல 10 கிணறும் கடலூர்ல 5 கிணறும் போட ஓ.என்.ஜி.சி. அனுமதி கேட்டது. மாநிலம் மறுத்தது. மறுத்த பிறகும் அரியலூர் அந்தச் சட்டத்துக்கு வெளியேதான் நின்னது.