விளம்பரப் பலகையை எடுக்கப் போட்ட லிஸ்ட்

ஆகஸ்ட் பிறந்தால் சென்னையில் ஒரு கூட்டம் விடியற்காலையிலேயே தெருவில் இறங்கிவிடும். ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, கோட்டை என்று எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். இருபது முப்பது பேர் கழுத்தை அண்ணாந்து ஏதோ ஒரு பழைய மாடியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், முன்னால் ஒருத்தர் கதை சொல்லிக்கொண்டிருப்பார். இதுதான் மெட்ராஸ் டே. 2004-ல் எஸ்.முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா மூணு பேரும் சேர்ந்து ஆரம்பித்தது. ஒருநாள் கொண்டாட்டம் வாரமாகி, இப்போ மாசம் முழுக்க நடக்குது. இது அரசு விழா கிடையாது. யாருக்கு எந்தத் தெரு தெரியுமோ அவங்க கூட்டிட்டுப் போகலாம்.

தேதிக்குக் காரணம் 1639 ஆகஸ்ட் 22. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் பிரான்சிஸ் டே, தாமர்ல நாயக்கரிடம் கடலோர நிலத்துண்டு ஒன்றைப் பெற்ற நாளாக அதைச் சொல்றாங்க. "அப்போ அதுக்கு முன்னாடி மயிலாப்பூர் இல்லையா?" என்ற கேள்வி வருஷா வருஷம் வரும். நியாயமான கேள்விதான். ஆனா எனக்கு வேற ஒரு கேள்வி இருக்கு. இப்படி நடந்து நடந்து பார்த்ததில் ஒரு கட்டிடமாவது பிழைச்சிருக்கா?

இதுக்குப் பதில் தேடினால் கொஞ்சம் பின்னால் போகணும். 1983-ல் மவுண்ட் ரோடு ஸ்பென்சர் கட்டிடம் எரிந்தது. 1985-ல் சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் எரிந்தது. ஸ்பென்சர் இருந்த இடத்தில் இன்றைக்கு ஸ்பென்சர் பிளாசா. மூர் மார்க்கெட் இடத்தில் புறநகர் ரயில் நிலையம். அங்கே ரயில் ஏறுகிறவங்க இன்னமும் அதை 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்' என்றுதான் சொல்றாங்க. கட்டிடம் போச்சு, பேர் மட்டும் டிக்கெட்டில் ஒட்டிக்கிட்டது. அந்தக் காலத்தில் 'இதை இடிக்கக் கூடாது' என்று காட்ட ஒரு பட்டியல்கூட ஊரில் இல்லை.

அப்புறம் வந்தது பாரத் இன்சூரன்ஸ் கட்டிடம். அதுவும் மவுண்ட் ரோட்டில்தான். 1897-ல் மருந்து வியாபாரம் செய்த டபிள்யூ.ஈ.ஸ்மித் கம்பெனி கட்டியது. கூர்மையான கோபுரங்களோடு, இந்தோ-சாரசெனிக் பாணியில், தூரத்திலிருந்தே கண்ணில் படும். பிறகு பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது. 1956-ல் காப்பீடு தேசியமயமானபோது எல்.ஐ.சி. கைக்கு வந்தது. 2006-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2010 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது: இடிக்கக் கூடாது. கூடவே, பாரம்பரியக் கட்டிடங்களைக் கவனிக்க ஒரு குழு அமைக்கச் சொல்லி சி.எம்.டி.ஏ.வுக்கு உத்தரவு.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வருது. எதெல்லாம் பாரம்பரியக் கட்டிடம் என்று கோர்ட் எப்படி முடிவு பண்ணியது தெரியுமா? ஓய்வுபெற்ற நீதிபதி பத்மநாபன் தலைமையில் ஒரு குழு முன்பே ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தது. 467 கட்டிடங்கள். ஆனா அந்தக் குழு போடப்பட்டது கட்டிடத்தைக் காப்பாற்ற இல்லீங்க! சாலையோர விளம்பரப் பலகை வழக்குக்காக. எந்தெந்தக் கட்டிடத்துக்கு முன்னால் பலகை வைத்து மறைக்கக் கூடாது என்று கண்டுபிடிக்கத்தான் அந்த லிஸ்ட். அதையே கோர்ட் எடுத்து, இவற்றை அனுமதி இல்லாமல் தொடக் கூடாது என்றது. ஒரு ஊரின் கட்டிடக் கலைப் பாதுகாப்பு, சினிமா போஸ்டர் சைஸ் தகராறிலிருந்து பிறந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதனாலேயே அந்தப் பட்டியலுக்கு ஒரு சாய்வும் உண்டு என்பது என் எண்ணம். பலகை எங்கே வைப்பார்கள்? பெரிய ரோட்டில், எல்லார் கண்ணும் படுகிற இடத்தில். பெரிய ரோட்டில் நிற்பது கோர்ட், காலேஜ், சர்ச், பழைய கம்பெனிக் கட்டிடம். மாட வீதிச் சந்துக்குள் திண்ணையோடும் முற்றத்தோடும் இருக்கிற வீட்டுக்கு முன்னால் எவன் பலகை வைப்பான்?

அந்தச் சந்துக்குள் போவது இந்த ஆகஸ்ட் நடைகள்தான். பெரிய கட்டிடத்தைப் பற்றிப் பேசும்போதும் ஆங்கிலேய ஆர்க்கிடெக்ட் பேரோடு நிறுத்தாமல், உயர் நீதிமன்றத்தையும் விக்டோரியா ஹாலையும் கட்டிக்கொடுத்த கான்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டி பேரைச் சொல்லிக்கொடுத்ததும் இந்த மாதிரிக் கூட்டங்கள்தான். (கணித மேதை ராமானுஜன் இறந்த சேத்துப்பட்டு வீடும் அவருடையதுதான்.)

வீட்டுக்குள் கூட்டிட்டுப் போனால் நான் முதலில் மேலே பார்ப்பேன். மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களுக்கு மேலே சின்ன, மெல்லிசான செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையில் பதித்திருப்பார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது. நூறு வருஷம் தாங்கும், உத்தரத்தில் தண்ணீர் இறங்காத வரைக்கும். இறங்கிவிட்டால் ரிப்பேர் செய்யத் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலையணும்.

செலவு யார் தலையில்? வீட்டுக்காரர் தலையில்தான். மும்பையில் 1995-லேயே பாரம்பரியக் கட்டிட விதிகள் வந்துவிட்டன. இடிக்க முடியாத கட்டிடத்தின் சொந்தக்காரர், தனக்கு உரிய கட்டுமான உரிமையை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். இங்கே 2012-ல் பாரம்பரிய ஆணையச் சட்டம் சட்டசபையில் நிறைவேறியது, நடைமுறைக்கு வரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. பாரத் கட்டிடமே ஜெயித்த பிறகும் வருஷக்கணக்கில் பாழடைந்துதான் நின்றது. இடிக்காதே என்று சொல்லத் தெரிந்த கோர்ட்டால் ஒழுகுகிற கூரையை அடைக்க முடியாது இல்லையா.

மயிலாப்பூரில் ஒரு நடையின்போது ஒரு பெரியவர் எங்களை உள்ளே கூப்பிட்டு, முற்றம், கூடம், மாடிப்படி எல்லாம் காட்டினார். தாத்தா கட்டினது என்று தூணைத் தட்டித் தட்டிச் சொன்னார். எங்களில் ஒருத்தர் நோட்டில் வீட்டு நம்பரை எழுதுவதைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. "போட்டோ எவ்ளோ வேணா எடுத்துக்கோங்க தம்பி. லிஸ்ட்ல மட்டும் சேர்த்துடாதீங்க. ரெண்டு பொண்ணுங்களுக்கும் பங்கு பிரிக்கணும்."

எழுதினவர் அந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.