கொச்சித் துறையில் தமிழர் குடியேற்றம்

கொச்சித் தமிழர் வரலாற்றைப் பேச எழுவோர் பெரும்பாலும் திவான்களிலிருந்தே தொடங்குவர். அது பொருத்தமற்றதன்று. கோவை தந்த ஆர். கே. சண்முகம் செட்டியார் 1935 முதல் 1941 வரை கொச்சி நாட்டின் திவானாக விளங்கினார். பின்னர் 1947-இல் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரும் ஆனார். எறணாகுளத்துக் காயற்கரையில் அவர் பெயர் தாங்கிய சாலை இன்றும் உள்ளது. ஆயினும், திவான் என்பார் குடியேறியவர் அல்லர். பணி முடிந்ததும் ஊர் திரும்பும் உரிமை உடையவர். வந்த மண்ணிலேயே மக்களைப் பெற்று, அம்மண்ணிலேயே மறைந்து, அவர்தம் பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிழைப்பு நடத்துவாராயின் அவரையே குடியேறியவர் என்றல் தகும். அத்தகையோரை நாடிச் சென்றால், நம் கால்கள் மட்டாஞ்சேரி அரண்மனை வாயிலில் நில்லா. அதற்கும் அப்பால், கோட்டைக் கொச்சியின் வெளி என்னும் பகுதியிலுள்ள சலவைத் துறையிற் போய்த்தான் நிற்கும்.

சேர நாடு பழந்தமிழ் நாடு என்பதையும், யவனர் முசிறிக்குப் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டனர் என்பதையும் சங்க நூல் கற்றார் அறிவர். அம்முசிறியின் வாழ்வு மங்கவும் கொச்சி புதுத் துறையாக எழவும் காரணமாயது 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றிற் பெருகிய வெள்ளம் என்பர். ஆகவே தமிழன் இங்கு அயலானாக வரவில்லை என்று மேடையேறி முழங்குதல் எளிது. ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டில் மூட்டையும் முடிச்சுமாக இங்கு வந்து சேர்ந்த ஏழைத் தொழிலாளிக்குப் பதிற்றுப்பத்து எந்த வகையில் துணை செய்திருக்கும்? அவன் செவியில் விழுந்தது பாதி புரிந்தும் பாதி புரியாமலும் இருந்த ஒரு மொழி. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவனிடம் "வெள்ளம் வேணோ?" என்று வினவினால் அவன் என்ன நினைத்திருப்பான்! ஊரிலிருந்து புதிதாக வந்த மருமகள் இச்சொல்லில் ஒரு முறையேனும் இடறி விழாத இல்லம் நம்மிடையே உண்டோ என்பது ஐயமே.

அவர்கள் வந்த காரணத்தை ஆராய்வோம். ஒல்லாந்தராகிய டச்சுக்காரர் 1663-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றினர். தூத்துக்குடியும் நாகப்பட்டினமும் அதற்கு முன்னரே, 1658-இல், அவர் வசமாகியிருந்தன. தமிழகக் கடற்கரைத் துறைகளும் மலையாளக் கடற்கரைத் துறையும் இவ்வாறு ஒரே கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அடங்கின. 1720-களில் தம் படைவீரர்களின் உடுப்புகளை வெளுத்துத் தருவதற்கென ஒல்லாந்தர் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களைக் கொணர்ந்து குடியேற்றினர் என்பது அக்குடும்பங்கள் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. மலையாள நாட்டில் வெளுக்கும் தொழிலினர் இல்லாமலில்லை. எனினும் மாற்றுத் துணி வழங்குதல் முதலிய சடங்குக் கடமைகளால் அவர்கள் கோயிலோடும் இல்லங்களோடும் கட்டுண்டிருந்தனர். கோட்டைச் சிப்பாய்க்கு ஓயாது வெளுத்துத் தருதல் முற்றிலும் வேறு வகை வேலை. அதற்குப் புதிய கைகள் தேவைப்பட்டன என்றே நாம் கருதுகிறோம்.

வந்தவர்க்கு இந்நாட்டு வானம் பெருஞ்சோதனையாக அமைந்தது. உவர்மண்ணில் துணியைத் தோய்த்து, வெள்ளாவியில் அவித்து, சுடுமணலில் விரித்து ஒரு பொழுதில் உலர்த்தி எடுக்கும் வறண்ட நிலத்து வித்தை கொச்சியில் எங்ஙனம் செல்லும்? ஆனி ஆடி மாதங்களில் இங்கே கதிரவன் முகம் காட்டுவதே அரிது. வெளுத்தலினும் உலர்த்தலே பெரும்பாடு. ஆயினும் தொழில் நின்றுவிடவில்லை. இரு பிரியாக முறுக்கிய தென்னங்கயிற்றின் இடையே துணியின் முனையைச் செருகிவிட்டால், கவ்வி ஏதுமின்றிக் கடற்காற்றை அது தாங்கி நிற்கும். இஸ்திரிப் பெட்டிக்குச் சிரட்டைக் கரி. நெல்லைச் சீமையிலும் சிரட்டை, மலையாளத்திலும் சிரட்டை; வடக்கேயிருந்து வந்த நம்மில் சிலர்தாம் கொட்டாங்கச்சி என்று சொல்லிப் பிறரைச் சிரிக்க வைப்பவர்!

இன்னொன்றையும் இங்கே கூறாமல் மேற்செல்லல் இயலாது. வண்ணார் தொழிலுக்கே உரிய குறியெழுத்து அது. சேங்கொட்டைச் சாற்றைத் தொட்டுத் துணியின் ஓரத்தில் புள்ளியும் கோடுமாக இடும் குறி எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது. நூறு வீட்டுத் துணி ஒரே துறையில் கலந்து கிடந்தாலும், அக்குறி கொண்டு எவர் வீட்டுத் துணி எது எனப் பிரித்துக் கொடுப்பர். எழுத்தறியாதார் என்று உலகம் ஒதுக்கிவைத்த மக்கள் தமக்கெனக் கண்டுகொண்ட எழுத்து அதுவன்றோ!

1795-இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. எசமானர் மாறினர், அழுக்குத் துணி மாறவில்லை. ஆனால் ஆட்சி எல்லை ஒரு விந்தையைச் செய்தது. கோட்டைக் கொச்சி மலபார் மாவட்டத்தைச் சேர்ந்ததாய்ச் சென்னை மாகாண ஆட்சியில் இருக்க, அதனோடு ஒட்டிய மட்டாஞ்சேரி கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. வெளுத்த மூட்டையைச் சுமந்து கடைத்தெருவைக் கடந்தவர் நாடு விட்டு நாடு சென்று பொழுது சாய்வதற்குள் மீண்டவராயினர்! 1956 நவம்பர் 1-ஆம் நாள் கேரள மாநிலம் அமைந்தது. அதுகாறும் சென்னையின் குடிகளாயிருந்தோர் நின்ற இடம் பெயராமலே வேற்று மொழி மாநிலத்துச் சிறுபான்மையர் ஆயினர். குடியேற்றம் என்றால் மனிதர் நகர்தல் என்றே நினைக்கிறோம். சிற்சில வேளைகளில் எல்லைக் கோடும் நகர்கிறது. இவ்விரண்டு ஊர்களும் 1967-இல் ஒரே கொச்சி மாநகராட்சிக்குள் வந்தன.

தற்போதுள்ள கற்றுறைத் தொட்டிகள் 1976-இல் விசால கொச்சி வளர்ச்சி ஆணையத்தாரால் கட்டப்பட்டவை. அத்துறையை வண்ணார் சங்கத்தாரே நடத்தி வருகின்றனர். தமக்கென ஒரு துறையும், தமக்கென ஒரு சங்கமும் உண்டாக்கிக்கொண்ட பின்னரே ஒரு கூட்டத்தார் ஓர் ஊரில் நிலைபெற்றனர் எனலாம். மட்டாஞ்சேரி முழுவதும் இதற்குச் சான்று. யூதர் 1568-இல் அரண்மனைக்கு அருகிலேயே தம் தொழுகைக் கூடத்தை எழுப்பினர். கோவாவிலிருந்து வந்த கொங்கணியர் திருமலை தேவசுவத்தைக் கண்டனர். குஜராத்தியரும் கச்சி மேமன்களும் தத்தம் தெருக்களை அமைத்துக்கொண்டனர்.

நம் காலனிக் குடும்பங்களுள் பெரும்பாலன இவ்வரிசையிற் பிந்தியவை. 1902-இல் சோரனூரிலிருந்து எறணாகுளத்துக்கு இரயில் வந்தது. 1920-இல் பிரிஸ்டோ துரை தொடங்கிய துறைமுகப் பணியின் பயனாய் 1928-இல் 'பத்மா' என்னும் கப்பல் உள்துறைக்குள் நுழைந்தது. 1936-இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கணக்கெழுதவும், வங்கியிலும் துறைமுகத்திலும் அலுவல் பார்க்கவும், மிளகாயும் வெங்காயமும் வருவித்து விற்கவும் வந்தோர் நம் பாட்டனாரும் தந்தையாரும். நாம் வருதற்கு முன்பே சலவைத் துறையில் பல தலைமுறைகள் கழிந்திருந்தன. முந்தி வந்தோரை மூத்தோராகக் கொள்வது தமிழர் முறை. அம்முறையைத் தொழிலும் சாதியும் பார்த்துத் தலைகீழாக்கியோர் நம்மிடையே உண்டு. வெளுத்த துணியை வீட்டினுள்ளே மடித்துவைத்து, அதைக் கொணர்ந்தவரை மட்டும் வாயிற்படியில் நிறுத்திய வீடுகள் இருந்தன. பேசிய மொழி இருபுறமும் தமிழே!

அத்தமிழின் நிலையும் எண்ணிப் பார்க்கத் தக்கது. தமிழ் அச்சு நூல்களுள் மிகப் பழைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. மறு ஆண்டே அண்டிரிக் அடிகளாரின் 'கிரீசித்தியானி வணக்கம்' இக்கொச்சியிலேயே அச்சாயிற்று. தமிழ் எழுத்து அச்சேறிய ஊர்களுள் இத்துணைப் பழமை உடையவை மிகச் சிலவே. அவ்வூரில் சலவைத் துறைக் குடும்பங்களின் பிள்ளைகள் மலையாளத்திற் கற்று, வீட்டில் தமிழ் பேசுகின்றனர். தமிழ் படிக்க அறிந்தோர் சிலரே. காலனிப் பிள்ளைகள் இவ்வகையில் தம்மை மேலோர் என எண்ணற்க: ஆங்கிலப் பள்ளியில் பயிலும் அவர்களும் பாட்டியின் கடிதத்தைப் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்பவரே. மொழிச் சிறுபான்மையரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க அரசு முயல வேண்டும் என்னும் விதி 1956-இலேயே அரசியல் சட்டத்தில் 350-ஏ எனச் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் கேட்பார் இல்லாத உரிமை பெட்டியில் கிடக்கும் பட்டுப் புடைவைக்கு ஒப்பாகும்.

ஞாயிறு மாலைத் தமிழ் வகுப்பைக் காலனிக்குள் மட்டும் நடத்தாமல், வெளிப் பகுதியிலும் ஓரிடம் பார்த்து இரு சாரார் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர நடத்தலாம் என்பது நம் கருத்து. இளைஞர் பலர் வேறு வேலைக்குப் போகின்றனர். கல்லில் துணி அடிக்கும் ஓசை ஆண்டுக்காண்டு குறைகிறது. முதியோர் நினைவிலுள்ள ஊர்ப்பெயர்களையும், துறையிற் பாடும் பாட்டுகளையும், சேங்கொட்டைக் குறிகளையும் அப்பிள்ளைகளே கேட்டு எழுதிவரட்டும். அடுத்த ஆண்டு மலரில் அவற்றுக்கு எட்டுப் பக்கம் ஒதுக்க நாம் ஆயத்தமாக இருக்கிறோம்.