பழைய வண்டியும் புதிய இயந்திரமும்

மாலை வேளைகளில் வெள்ளவத்தைக் காலி வீதியின் ஓரமாக நடப்பது என் நெடுநாள் வழக்கம். வரிசை வரிசையாய் விரையும் இக்கால வண்டிகளுக்கிடையே, உருண்ட முதுகும் சிரித்த முகமுங்கொண்ட சிறிய மொறிஸ் மைனர் வண்டி ஒன்று எப்போதாவது வந்து தோன்றும். கண்டதும் முதியவர் முகம் மலரும். ஆனால் அது அருகே வந்ததும் செவிக்கு ஓர் ஐயம் பிறக்கும். உடல் ஆங்கில நாட்டது, குரல் அதற்குரியதன்று. முன்மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே யப்பானிய இயந்திரம் ஒன்று அமர்ந்திருக்கும்.

பழைய வண்டியிலே புதிய இயந்திரத்தைப் பொருத்துவது முறையா, அன்றா? யான் இயந்திரவியல் கற்றவனல்லன். கலைப் பட்டம் பெற்று மாணாக்கருக்கு வரலாறு போதித்தவன். எனினும் இவ்வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே, ஒற்றோபர் மாதத்தில், இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியிலே மொறிஸ் மைனர் உலகுக்கு அறிமுகமாயிற்று. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் சிமேர்னா என்னும் துறைமுக நகரிலே பிறந்து, பின்னர் இங்கிலாந்தில் குடியேறியவர். இரண்டாம் உலகப் போர் நிகழ்ந்துகொண்டிருந்தபோதே அவர் இவ்வண்டிக்குரிய எண்ணத்தை உருவாக்கினார். நான்கு உருளைகளும் பக்கத்துக்கு இரண்டாய்ப் படுத்த நிலையில் அமைந்த புதுவகை இயந்திரம் ஒன்றையே அவர் அதற்கென எண்ணியிருந்தார். அத்தகைய இயந்திரம் அகலமானது. ஆகவே வண்டியின் முன்னறையையும் அகலமாகவே அமைத்தார். ஆனால் அந்த இயந்திரம் உற்பத்திக்கு வரவில்லை. போருக்கு முந்திய மொறிஸ் எயிற் வண்டியின் 918 கன சென்ரிமீற்றர் இயந்திரமே அவ்விடத்தில் வைக்கப்பட்டது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 27 குதிரைவலு மாத்திரமே.

இங்கே நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. தனக்கென எண்ணப்பட்ட இயந்திரத்தை இந்த வண்டி பிறந்த நாளிலேயே இழந்துவிட்டது. அதன்பின்னும் மாற்றம் நிற்கவில்லை. 1952இல் மொறிஸ், ஒஸ்ரின் ஆகிய இரு பெரும் நிறுவனங்களும் ஒன்றிணைந்தபோது, ஒஸ்ரினின் 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம் மைனருக்குள் புகுந்தது. 1956இல் அது 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் வளர்ந்தது. ஆற்றல் முப்பதாகி, முப்பத்தேழாகி, இறுதியில் நாற்பத்தெட்டுக் குதிரைவலுவை எட்டியது. 1971இல் உற்பத்தி முடிவுற்றபோது பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்திருந்தன. இயந்திரம் மாற்றுதல் மைனருக்கு நேர்ந்த இழுக்கு என்பாருக்கு, அதன் சொந்த வரலாறே மறுமொழி கூறும்.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியபோது மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாக மட்டுப்படுத்தப்பட்டது. உள்ள வண்டியைப் பேணுவதே அக்காலத்தில் உடையவர்க்கு இருந்த வழி. தேய்ந்த உருளையைக் கடைந்து சற்றே பெரிய ஆடுதண்டு பொருத்துவர். அதுவும் தேய்ந்தால் மீண்டும் கடைவர். கடைவதற்கு இரும்பு இல்லாத நிலை வரும்வரை கடைவர். 1977இல் இறக்குமதி தளர்த்தப்பட்டதும் யப்பானிய வண்டிகள் கப்பல் கப்பலாய் வந்திறங்கின. அவற்றுள் விபத்திற் சிக்கியவற்றின் உறுப்புகள் மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தைக் கடைகளிலே குவிந்தன. பழைய மைனருக்கு ஆடுதண்டு தேடி அலைவதைவிட முழு டட்சன் இயந்திரம் ஒன்றை வாங்குவது எளிதாயிற்று.

இவ்விடத்தில் ஒரு வரலாற்று விந்தை உண்டு. டட்சன் வண்டிகளை ஆக்கிய நிசான் நிறுவனம் 1952இல் ஒஸ்ரின் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்து, ஒஸ்ரின் ஏ 40 வண்டியை யப்பானிலே பூட்டி விற்றது. அங்கே கற்ற பாடங்களையும் தன் முயற்சியையும் கொண்டு வளர்ந்து, 1966இல் ஒரு சிறிய, உறுதியான இயந்திரத்தை வெளியிட்டது. அதன் வளர்ந்த வடிவமாகிய 1171 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தின் ஆற்றல் ஏறத்தாழ 68 குதிரைவலு. அதனையே நம்மவர் மைனருக்குள் வைத்தனர். இசிகோனிஸ் வேறோர் இயந்திரத்துக்காக விட்டுவைத்த அகன்ற அறை, இந்த விருந்தாளிக்கு நன்கு இடங்கொடுத்தது. ஆசிரியனிடம் பயின்ற மாணாக்கன், முதுமையுற்ற ஆசிரியன் வீட்டுப் பாரத்தைச் சுமக்க வந்ததை ஒத்தது இது.

இந்தியாவிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. மொறிஸ் ஒக்ஸ்போட் வழிவந்த அம்பாசடர் வண்டிக்கு 1992இல் இசுசு நிறுவனத்தின் 1.8 லீற்றர் இயந்திரம் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. உடல் பழையதாகவே இருக்க, உயிர் புதிதாயிற்று. 2014இல் உற்பத்தி நின்ற பின்னரும் அவ்வண்டி பலர் நெஞ்சில் நீங்காதிருக்கின்றது.

இதுவரை கூறியவற்றால் இயந்திரம் மாற்றுவதில் தீங்கொன்றும் இல்லையெனத் தோன்றலாம். என் தந்தையாரும் அவ்வாறே எண்ணினார்.

அப்பொழுது நாங்கள் கொட்டாஞ்சேனையில் வசித்தோம். ஐயாவிடம் 948 கன சென்ரிமீற்றர் இயந்திரங்கொண்ட மைனர் ஒன்று இருந்தது. 1988ஆம் ஆண்டளவில் அது புகை கக்கத் தொடங்கியது. உருளைகளைக் கடைய இனி இடமில்லை என்றார்கள். ஐயா பஞ்சிகாவத்தையில் ஒரு டட்சன் இயந்திரத்தை கியர்ப்பெட்டியோடு வாங்கினார். கராஜ் ஒன்றிலே அதனைத் தாங்கும் இரும்புகளை ஒட்டினர். பின்சில்லுக்கு வலுவைக் கொண்டுசெல்லும் தண்டினை வெட்டிக் குறுக்கினர். பற்றரியின் நேர்முனை உடலோடு இணைந்திருந்ததை மாற்றி எதிர்முனையை இணைத்தனர். வண்டி புலிபோலப் பாய்ந்தது. பிறேக்கை மாத்திரம் ஒருவரும் தொடவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஐயா புறப்பட்டார். சரிவான வீதியொன்றில் இறங்கும்போது முன்னே சென்ற பேருந்து திடீரென நின்றது. ஐயா பிறேக்கை அழுத்தினார். வண்டியின் வேகம் போதிய அளவு குறையவில்லை. பேருந்தைத் தவிர்க்கத் திருப்பிய வண்டி மின்கம்பத்தில் மோதியது. அம்மாவின் நெற்றி பிளந்தது. அந்தத் தழும்பு அவர் கண்மூடும்வரை இருந்தது. ஐயா அதனைப் பார்க்கும்போதெல்லாம் தலை குனிவார்.

பின்னாளில் ஓர் உண்மையைப் படித்தறிந்தேன். 1962இல் மைனரின் ஆற்றல் முப்பத்தேழிலிருந்து நாற்பத்தெட்டாக உயர்ந்தபோது, அதனை ஆக்கியோர் முன்சில்லுகளின் பிறேக் உருளையை ஏழு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலமாகப் பெருப்பித்தனர். பதினொரு குதிரைவலுவுக்கு அவர்கள் அவ்வளவு கவனங்கொண்டார்கள். நாங்களோ முப்பத்தொரு குதிரைவலுவைக் கூட்டிவிட்டு, நிறுத்தும் வகையை நினையாதிருந்தோம். ஓடும் வலுவைக் கூட்டுவோன் நிற்கும் வலுவை முதலிற் கூட்டவேண்டும். இது வண்டிக்கு மாத்திரம் உரிய நீதியன்று.

இனி, மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்த என் பெரியப்பா ஒஸ்ரின் ஏ 40 ஒன்று வைத்திருந்தார். இயந்திரத்தை மாற்றும்படி ஐயா பலமுறை கூறியும் அவர் இணங்கவில்லை. 1990களில் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், அத்தகைய பழைய வண்டிகளே மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெயைக் குடிக்கச் செய்வர். அழுத்த விகிதம் குறைந்த பழைய இயந்திரம் அதனைத் தாங்கிற்று. அழுத்தம் மிக்க புதிய இயந்திரத்திலோ மண்ணெண்ணெய் காலந்தவறி வெடித்து, அதனைத் தட்டிச் சிதைத்துவிடும். பெரியப்பாவின் வண்டி இரவு பகலாய் நோயாளரை ஆசுபத்திரிக்குச் சுமந்தது. வேகமற்றது, புகை மிக்கது என்று நாங்கள் நகைத்த இயந்திரம் அந்த ஊரின் உயிரைக் காத்தது.

ஆகவே பழையது என்பதற்காக எதனையும் இகழவும் வேண்டா. புதியது என்பதற்காக எதனையும் விலக்கவும் வேண்டா. கறுத்தக்கொழும்பான் மாங்கன்றை ஒட்டுவோர் நல்ல அடிமரத்தைத் தேர்ந்து, வெட்டு வாயைப் பொருத்தமுறக் கட்டிக் காத்திருப்பர். இயந்திரம் மாற்றுவோர்க்கும் அந்தப் பொறுமை வேண்டும். பிறேக்கையும் திசைதிருப்பியையும் முதலிற் செம்மைசெய்க. வண்டியின் உடலை இயன்றவரை வெட்டாது விடுக. புதிய இயந்திரத்தின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலே முறைப்படி பதிவுசெய்க. பதிவேட்டில் ஓர் இலக்கமும் இரும்பில் வேறோர் இலக்கமும் இருப்பின், விற்கும் நாளிலோ விபத்து நாளிலோ துன்பம் வந்துசேரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கழற்றிய பழைய இயந்திரத்தை விற்றுவிடாதீர்கள். எண்ணெய் பூசி, துணி சுற்றி, வீட்டின் ஒரு மூலையில் வையுங்கள். 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழிதிறந்தது. 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். கழிந்தது என்று நாம் எண்ணிய காலம் திரும்பி வருவதை இந்த நாடு பலமுறை கண்டிருக்கின்றது.

ஐயாவின் மைனர் இன்றும் என்னிடம் உண்டு. அதற்கு இப்போது நல்ல பிறேக் உண்டு. டட்சன் இயந்திரமும் குறையின்றி ஓடுகின்றது. அதன் பழைய இயந்திரமோ 1988இலேயே பஞ்சிகாவத்தையில் இரும்பு விலைக்குப் போய்விட்டது. பதிவுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில், கோடு கீறி அடிக்கப்பட்ட ஓர் இலக்கமாய் மாத்திரம் அது எஞ்சியிருக்கின்றது.